இலண்டன் முதல் சிட்னி வரை: ஒரு வான்வழியின் வரலாறு

இலண்டன் மாநகருக்கும் சிட்னி மாநகருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவில் பாதி 20,000 கிலோமீட்டர் என்பதை நினைவிற் கொண்டால், மனிதர் வாழும் இரு பெருநகரங்கள் இதைவிட அதிகம் விலகியிருப்பது அரிது என்பது விளங்கும். இந்தத் தொலைவு 1787ஆம் ஆண்டிலும் இதுவே, இன்றும் இதுவே. ஆயின் அதனைக் கடக்க மனிதன் செலவிட்ட காலம் எத்தனை முறை சுருங்கியது, அச்சுருக்கத்திற்கு யார் யார் என்னென்ன விலை கொடுத்தனர் என்பது பள்ளிப் பாடநூல்களில் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிற செய்தியன்று. நம் சிங்கப்பூரும் பினாங்கும் அலோர் ஸ்டாரும் அந்தக் கதையில் இடம்பெற்றிருப்பதால், நாம் அதனை அறிந்திருப்பது பொருத்தமுமாகும்.

1787 மே 13ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட முதற் கைதிக் கப்பல்கள், 1788 ஜனவரியிலேதான் ஆஸ்திரேலியக் கரையை அடைந்தன. எட்டு மாதங்கள்! பாய்க்கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பயணம் சுமார் ஆறு வாரங்களாகக் குறைந்திருந்தது. இதற்கிடையில் 1872இல் தந்திக்கம்பி இவ்விரு உலகங்களையும் இணைத்துவிட்டது. அக்கம்பி சென்னையிலிருந்து வங்கக் கடலுக்கடியில் பினாங்கை அடைந்து, சிங்கப்பூர், ஜாவா வழியாக ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் கரையேறியது. ஆகவே செய்தி ஒரு நாளிற் போய்ச் சேரும். மனிதன் போய்ச் சேர ஆறு வாரம் ஆகும். தந்தையின் மரணச் செய்தி மறுநாளே கிடைத்தும் நாற்பது நாள் கழித்தே தாயின் முகம் காண முடிந்த ஒரு தலைமுறை அப்போது இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் விமானம் வந்தது.

விமானங்களைப் பற்றிச் சொல்லுமுன் வழியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் இலண்டனையும் சிட்னியையும் ஓர் அளவுகோலால் இணைத்தால், அக்கோடு அரபு நாடுகளையும் தென்னிந்தியாவையும் கடந்து இந்தியப் பெருங்கடலில் இறங்கும். அதுவே குறுக்குவழி என்று மாணவன் நம்பிவிடுகிறான். படத்தை மடித்து வைத்துவிட்டு, உலக உருண்டையை எடுத்து, ஒரு நூலை இரு நகரங்களுக்கும் இடையே இழுத்துப் பிடித்துக் காட்ட வேண்டும். நூல் தென்கிழக்கே போகாது. வடகிழக்காக எழும்பி ரஷ்யாவின் மேலாகவும் சீனாவின் மேலாகவும் வளைந்து, தென்சீனக் கடற் பக்கமாக இறங்கி ஆஸ்திரேலியாவை அடையும். அதுவே மெய்யான குறுகிய வழி. சுவர்ப்படத்தின் நேர்கோட்டிற் சென்றால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பறக்க நேரும்.

இதில் நமக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. இலண்டனிலிருந்து சிங்கப்பூர் சுமார் 10,900 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து சிட்னி சுமார் 6,300 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 17,200. அதாவது, நேர்வழியைக் காட்டிலும் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டரே மிகுதி. நூற்றுக்கு ஒரு பங்கு! சிங்கப்பூர் இவ்வழியின் தங்குமிடமாக அமைந்தது ஆங்கிலேய ஆட்சியின் தயவால் மட்டும் அன்று. பூமியின் வடிவமே அந்த இடத்தை அதற்குக் கொடுத்திருந்தது.

முதலாம் உலகப் போர் முடிந்ததும், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முப்பது நாட்களுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்க்குப் பத்தாயிரம் பவுன் பரிசென்று 1919இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் அறிவித்தது. ஆறு குழுவினர் புறப்பட்டனர். அவர்களில் இரு குழுவினர் வழியிலேயே மாண்டனர். பரிசைப் பெற்றவர்கள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தாரும், ஷையர்ஸ், பென்னட் என்னும் இரு இயந்திர வினைஞரும் ஆவர். அவர்களுடைய விமானம் விக்கர்ஸ் விமி என்னும் போர்க்கால விமானம். மேற்கூரை இல்லை; மழையும் பனியும் முகத்திலேயே அடிக்கும். 1919 நவம்பர் 12ஆம் நாள் இலண்டனுக்கு அருகிலுள்ள ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் 10ஆம் நாள் டார்வினில் இறங்கினர். 27 நாள் 20 மணி நேரம். அதில் வானிற் பறந்த நேரம் சுமார் 136 மணி மட்டுமே. எஞ்சிய காலமெல்லாம் உறங்குவதற்கும், பழுது பார்ப்பதற்கும், வயல்களிலும் திடல்களிலும் எரிபொருள் தேடுவதற்கும் கழிந்தது.

அவ்விமானம் சிங்கப்பூரில் இறங்கிய இடம் இன்றைய ஃபேரர் பார்க் பகுதியில் இருந்த குதிரைப் பந்தயத் திடல். நம்மவர் கடைகளும் கோயில்களும் நிறைந்த சிராங்கூன் சாலைக்கு அடுத்தாற்போல் ‘ரேஸ் கோர்ஸ் சாலை’ என்ற பெயர் இன்றும் நின்று அத்திடலை நினைவூட்டுகிறது. டிசம்பர் 4ஆம் நாள் மேலே வந்து பார்த்த ராஸ் ஸ்மித்துக்குத் திடல் மிகச் சிறிதாகத் தெரிந்தது. இறங்கினால் எல்லையைத் தாண்டி மோத நேரும். அப்போது பென்னட் என்ன செய்தார் தெரியுமா? பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் இருக்கையிலிருந்து வெளியே ஏறி, அதன் முதுகின்மேல் வழுக்கிச் சென்று வாற்பகுதியில் அமர்ந்துகொண்டார். அவருடைய உடற்பாரத்தால் வால் விரைவில் தரையில் அழுந்தியது. விமானம் சுமார் நூறு கஜத்திற்குள் நின்றது. பந்தயக் குதிரைகள் ஓடிய எந்த நாளிலும் இத்தகைய காட்சியை அத்திடல் கண்டிராது.

சுரபாயாவில் நிகழ்ந்தது இதனினும் நெஞ்சைத் தொடுவது. அங்கே விமானம் சேற்றிற் புதைந்துவிட்டது. கற்களும் மரமும் கொண்டு தூக்கியும் மறுபடியும் புதைந்தது. அவ்வூர் மக்கள் தங்கள் வீடுகளிலிருந்து மூங்கிற் பாய்களைக் கொண்டுவந்து குவித்தனர். அவற்றை வரிசையாக விரித்துப் பாதையாக்கி, அதன்மேல் ஓடித்தான் விமானம் மேலெழுந்தது. ஸ்மித் சகோதரர்கள் பிரிட்டிஷ் அரசரிடம் வீரப்பட்டம் பெற்றனர். பாய் கொடுத்த ஜாவானியக் குடும்பங்களின் பெயர்கள் எந்தப் பட்டயத்திலும் இல்லை. கூரையின்கீழ் விரித்துப் படுத்த பாயைக் கொடுத்துவிட்டு அன்றிரவு அவர்கள் எதன்மேற் படுத்தனரோ! வான்வழி வரலாற்றை எழுதுவோர் இதனை ஒரு வேடிக்கையாகச் சொல்லிப் போவது வழக்கம். என் கருத்தில், சிட்னி வழியின் முதல் ஓடுபாதைகளுள் ஒன்று அந்தப் பாய்களே.

வாலின்மேல் அமர்ந்த பென்னட்டும் ராஸ் ஸ்மித்தும் 1922 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஒரு புதிய விமானத்தைச் சோதிக்கும்போது விழுந்து மடிந்தனர்.

அடுத்து வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் தனிமனித வீரத்தின் காலம். 1928இல் பெர்ட் ஹிங்க்லர் தன்னந்தனியாகப் பதினைந்தரை நாளில் டார்வினை அடைந்தார். 1930இல் ஏமி ஜான்சன் என்னும் இளம்பெண் சிங்கப்பூர் வழியாகப் பத்தொன்பதரை நாளில் அதே வழியைத் தனியே கடந்தார். 1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்பர்ன் வரை நடந்த பெரும் விமானப் பந்தயத்தில் ஸ்காட், கேம்பல் பிளாக் இருவரும் மூன்று நாட்களுக்குள், 71 மணி நேரத்தில் சென்று சேர்ந்தனர். ஆயினும் அப்பந்தயத்தின் உண்மையான பாடத்தைக் கற்பித்தது இரண்டாவதாக வந்த டச்சு நாட்டு விமானமே. ‘உய்வெர்’ என்னும் பெயருடைய அது, பயணிகளை ஏற்றிக்கொண்டு, வழக்கமான பயணிகள் விமானமாகவே பறந்து வந்தது. இறுதி இரவில் புயலில் வழி தவறியபோது, ஆல்பரி என்னும் சிற்றூரின் மக்கள் ஊர் விளக்குகளை அணைத்து அணைத்து ஏற்றித் தந்திக் குறியீட்டில் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். மோட்டார் வண்டிகளைக் குதிரைப் பந்தயத் திடலில் நிறுத்தி விளக்குகளால் ஓடுபாதை காட்டினார்கள். வீரன் ஒருவன் மட்டுமல்லாமல் பயணிகள் பலரும் இவ்வழியே செல்லலாம் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

முறையான சேவையும் அக்காலத்திலேயே தொடங்கியது. இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் அஞ்சல் விமானம் 1933 டிசம்பரில் சிங்கப்பூரை எட்டியது. ஓராண்டு கழித்து அங்கிருந்து பிரிஸ்பேன் வரையுள்ள பகுதியைக் குவாண்டாஸ் ஏற்றது. 1935 ஏப்ரலில் பயணிகளும் ஏறினர். இலண்டனிலிருந்து பிரிஸ்பேன் வரை 12 நாளும் அரையும். கடந்த தொலைவோ 20,500 கிலோமீட்டருக்கு மேல். குறுகிய வழியைவிட இது இத்தனை நீண்டதன் காரணம் எளிது. அன்றைய விமானங்களால் ஒரே மூச்சில் நெடுந்தொலைவு பறக்க இயலாது. கரையோரமாகவும், ஆங்கிலக் கொடி பறந்த அல்லது அதற்கு இணங்கிய நிலங்களின் மேலாகவும், கிணற்றுக்குக் கிணறு நடக்கும் பாலைவனப் பயணியைப் போல அவை பறந்தன. பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிந்திசி வரை பயணிகள் இரயில்வண்டியிற் போக வேண்டியிருந்ததும் அந்நாளைய வேடிக்கைகளுள் ஒன்று!

கட்டணம் 195 பவுன். இந்தத் தொகையை நம்மவர் அளவையில் நிறுத்துப் பார்ப்போம். ஒரு பவுனுக்கு மலாயா வெள்ளி 8.57 என்னும் அக்கால மாற்று விகிதப்படி அது ஏறத்தாழ 1,670 வெள்ளி. 1930களில் இரப்பர்த் தோட்டத்தில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி நல்ல காலத்தில் 50 காசு. விலை வீழ்ச்சிக் காலத்தில் அதுவும் இல்லை. அந்தக் கூலியில் ஒரு காசும் உண்ணாமல், ஒரு நாளும் ஓயாமல் உழைத்தாலும், ஒரு வழிப் பயணச்சீட்டுக்கு 3,300 நாட்களுக்கு மேல், அதாவது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தலைக்கு மேல் விமானம் போகும் ஓசையைக் கேட்டுப் பால்வாளியோடு நிமிர்ந்து பார்த்த நம் முன்னோர்க்கு அதன் விலை இது. அவர்களுக்கு வாய்த்தது நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் சென்ற கப்பலின் மேல்தளமே. தொலைவு எல்லாருக்கும் ஒரே வேகத்திற் சுருங்கவில்லை.

1938இல் பறக்கும் படகுகள் வந்தன. நீரில் மிதந்து நீரிலிருந்தே மேலெழும் பெரிய விமானங்கள் அவை. சிட்னித் துறைமுகத்தின் ரோஸ் வளைகுடாவிலிருந்து இங்கிலாந்தின் சதாம்ப்டன் வரை ஒன்பதரை நாட்கள். 1937 ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்ட சிங்கப்பூர்க் காலாங் விமான நிலையம் நிலத்தில் இறங்குவனவற்றுக்கும் நீரில் இறங்குவனவற்றுக்கும் ஒருங்கே இடமளித்தது. பினாங்கும் இவ்வழியின் நிறுத்தமாயிற்று. பகலிற் பறப்பதும் இரவில் விடுதியிற் படுப்பதுமாக அப்பயணம் நடந்தது. இன்றைய பயணிகள் அதனைக் கேட்டால் பொறாமை கொள்ளக்கூடும்.

பிறகு போர் மூண்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்கு மாறியதும் வழி அறுந்தது. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்ட விதம் இவ்வரலாற்றிலேயே மிக வியத்தகு பகுதி என்று நான் கருதுகிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரி வரை, இடையில் ஒரு தீவிலும் இறங்காமல், 5,600 கிலோமீட்டருக்கு மேல் இந்தியப் பெருங்கடலின் குறுக்கே பறப்பதென்று 1943இல் முடிவு செய்தார்கள். கேட்டலினா என்னும் ஐந்து பறக்கும் படகுகள் இப்பணியில் ஈடுபட்டன. அவற்றுக்கு இடப்பட்ட பெயர்கள் வானத்து நட்சத்திரங்களின் பெயர்கள். அப்பெயர்கள் வெறும் அழகுக்காக அமைந்தனவாகத் தோன்றவில்லை. பகைவர் அறியாதிருக்க வானொலியை மூடிவைத்து, அந்த நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள்.

எரிபொருளின் பாரத்தால் பயணிகள் மூவருக்கும் 69 கிலோகிராம் அஞ்சலுக்குமே இடம் இருந்தது. வேகம் குறைவு. 28 மணி நேரம் பறந்தாலும் பறக்கலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஒருமுறை 32 மணி 9 நிமிடம் ஆயிற்று. ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைப் பயணிகள் கண்டனர். ஆதலால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று அச்சேவைக்குப் பெயர் வந்தது. பயணம் செய்தவர்க்கு அப்பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 வரை 271 முறை இவ்வாறு கடந்தனர். ஒரு விமானமும் தொலையவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. போர் முடிந்ததும், அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்றவை என்பதால், அந்த நட்சத்திரப் படகுகளை உடன்படிக்கைப்படி ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

1947 டிசம்பர் முதல் நாள் குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளோடு சிட்னியிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என ஆறு நிறுத்தங்கள். தாவித் தாவிச் செல்வதால் ‘கங்காரு வழி’ என்ற பெயர் நிலைத்தது. நாலு நாட்பயணம், பறந்த நேரம் சுமார் 55 மணி. போகவர 585 பவுன்; அந்நாளைய ஆஸ்திரேலியரின் சராசரி வருவாயில் ஒன்றரை ஆண்டுக்குரிய தொகை.

வேகத்தின் மீது கொண்ட ஆசைக்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ‘காமெட்’ என்னும் முதல் ஜெட் பயணிகள் விமானம் 1952 அக்டோபரில் இலண்டன்–சிங்கப்பூர் வழியிற் பறக்கத் தொடங்கியது. அதிர்வில்லை, ஓசை குறைவு, மேகங்களுக்கு மேலே பயணம். 1953 மே 2ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து சென்ற காமெட் ஒன்று கல்கத்தாவை விட்டெழுந்த சிறிது நேரத்திற்குள் புயலிற் சிதறி 43 பேர் மாண்டனர். 1954 ஜனவரி 10ஆம் நாள், மீண்டும் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குச் சென்ற ஒரு காமெட், ரோம் நகரிலிருந்து எழுந்தபின் எல்பாத் தீவின் அருகே கடலில் விழுந்தது, 35 உயிர்கள். ஏப்ரலில் மூன்றாவது வீழ்ந்தது. பின்னர், கடலடியிலிருந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கியெடுத்தும், ஒரு முழு விமானத்தை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தும் காரணத்தைக் கண்டனர். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் ஒடிவது போல, ஒவ்வொரு பறப்பிலும் உப்பிச் சுருங்கிய உலோகம் சாளரம் போன்ற திறப்புகளின் மூலைகளில் களைத்து வெடித்திருந்தது. இன்று நாம் காணும் விமானச் சாளரங்களின் மூலைகள் வளைந்திருப்பதில் அந்த ஆராய்ச்சிக்கும் பங்குண்டு. அதே 1954இல், மார்ச் 13ஆம் நாள், சிட்னியிலிருந்து இலண்டன் செல்லும் வழியில் காலாங்கில் இறங்கிய கான்ஸ்டலேஷன் விமானம் ஓடுபாதையின் முனையில் மோதி எரிந்து 33 பேர் மாண்டதையும் சிங்கப்பூரின் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

பின்னர் போயிங் 707 (1959), போயிங் 747 (1971) என்று விமானங்கள் வளர்ந்தன, நிறுத்தங்கள் குறைந்தன, கட்டணமும் நடுத்தரக் குடும்பத்தார் நினைத்துப் பார்க்கத்தக்க அளவுக்கு இறங்கியது. இவை பலரும் அறிந்தவை.

ஒலியை மிஞ்சிய கான்கார்டு விமானமும் நம் வாசலுக்கு வந்து திரும்பியது. 1977 டிசம்பரில் இலண்டன்–பாஹ்ரேன்–சிங்கப்பூர் சேவை தொடங்கியது. விமானத்தின் இடப்பக்கத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் வண்ணம், வலப்பக்கத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் வண்ணம்! மலாக்கா நீரிணைக்கு மேல் ஒலியின் வேகத்தைக் கடக்கும் அதன் இடியோசையை மலேசிய அரசாங்கம் ஏற்கவில்லை. மூன்றே சுற்றுப் பயணங்களோடு சேவை நின்றது. 1979 ஜனவரியில் வேறு வழியாகத் தொடங்கி, 1980 நவம்பரில் போதிய வருவாயின்றி முற்றாக நின்றது. மலேசியாவின் மறுப்பை அன்று சிலர் குறுகிய மனம் என்றனர். கடலை நம்பி வாழும் மீனவனின் தலைமேல் இடி விழாதிருக்க வேண்டுமென ஓர் அரசாங்கம் கேட்பதில் குறுகிய மனம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

இடையில் நில்லாமல் முழுத் தொலைவையும் கடக்கும் ஆசை மட்டும் விடவில்லை. 1989 ஆகஸ்டில் குவாண்டாஸின் புதிய போயிங் 747-400, இருபது பேரளவில் மட்டுமே ஏற்றிக்கொண்டு, எரிபொருளைச் சேமிக்க ஓடுபாதை வரை இழுவை வண்டியால் இழுக்கப்பட்டு, இலண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் பறந்தது. 2019 நவம்பரில் போயிங் 787 ஒன்று சோதனைப் பறப்பாக அதே தொலைவை 19 மணி 19 நிமிடத்தில் முடித்தது. முப்பது ஆண்டுகளில் ஐம்பது நிமிடமே குறைந்தது. வேகம் கூடும் காலம் முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 707இன் வேகமும் இன்றைய விமானத்தின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே, வளர்ந்தது வயிறுதான். இருபது மணி நேரத்திற்கு வேண்டிய எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகிறது. அந்தச் சுமையைச் சுமக்க மேலும் எரிபொருள் வேண்டும். போதாக்குறைக்குக் காற்றும் உண்டு. மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று சிட்னிக்குப் போகிறவனைத் தள்ளிவிடுகிறது. இலண்டனுக்குப் போகிறவனை எதிர்த்து நிற்கிறது. ஆதலால் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. சிட்னியின் கடிகாரம் இலண்டன் கடிகாரத்தைவிடப் பருவத்துக்கேற்ப ஒன்பது முதல் பதினொரு மணி வரை முந்தியிருப்பதையும் சேர்த்துக்கொண்டால், பயணச்சீட்டில் அச்சிட்ட நேரங்களைக் கழித்துப் பார்த்துப் பயண நேரம் காண முயலும் மாணவன் தடுமாறுவது இயல்பே.

2018 மார்ச்சில் பெர்த்–இலண்டன் நேர்ச்சேவை தொடங்கியது. ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர், சுமார் பதினேழு மணி நேரம். ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் முதன்முறையாக இடைநிறுத்தமின்றி இணைந்தன. சிட்னியையும் அவ்வாறே இணைப்பதற்காக 2022இல் பன்னிரண்டு ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களைக் குவாண்டாஸ் கேட்டிருந்தது. அதே 2022இல் உக்ரேன் போரைத் தொடர்ந்து ரஷ்யா தன் வானத்தை மேலைநாட்டு விமானங்களுக்கு மூடியது. உருண்டையில் நாம் இழுத்துப் பிடித்த நூல் எந்த நாட்டின்மேல் வளைந்து சென்றதோ, அந்த நாட்டின் வான்! 2024 ஏப்ரலில் மேற்காசியாவில் போர்ப்பதற்றம் மூண்டு ஈரானின் வான்பரப்பைத் தவிர்க்க நேர்ந்தபோது, பெர்த்திலிருந்து இலண்டன் செல்ல வேண்டிய நேர்விமானம் சுற்றுவழியே போகத் தேவையான எரிபொருளைச் சுமக்க முடியாமற் போயிற்று. அது என்ன செய்தது? பெர்த்திலிருந்து வடக்கே பறந்து சிங்கப்பூரில் இறங்கி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு, பின் இலண்டன் சென்றது.